குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல்

என் மருமகனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் அது தெரியும். மகள் உயிரோடிருந்தவரை நாங்கள் இருவரும் அதை மரியாதையால் மூடி வைத்திருந்தோம். அவள் போன பிறகு யாருக்காக மூடுவது என்று இருவருக்குமே தோன்றிவிட்டது.

கனடாவில் மூன்றே மாத நோயில் அவள் இறந்து ஓராண்டு நிறைய ஒரு மாதம் இருந்தபோது, பள்ளி விடுமுறையில் அவர் என் ஒன்பது வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தால் வாடகைக் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தவர் வாசலில் சொன்ன முதல் வார்த்தை, "ஏ.சி. எந்த ரூம்ல இருக்கு மாமா?" இரண்டு நாள் பயணம் செய்தவர் கேட்கக்கூடிய கேள்விதான். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் மாலை, பின்கட்டுக் குழாயில் பேத்தி கால் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்கால் எலும்புகளின் மேல், உள்ளும் வெளியும், காய்ந்து தடித்த தோல். இரு குதிகால்களிலும் கொப்புளம் உடைந்து ஆறி மீண்டும் உடைந்த வடுக்கள். நாற்பது ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். ஒரு பொருள் இன்னொன்றின் மேல் ஓயாமல் வழுக்கி உரசினால் என்ன மிஞ்சும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல தாத்தா. இப்ப ஐஸ் இல்லைல்லா. நான் இனிமே ஐஸ் ஹாக்கிக்குப் போகல."

"ஏன்?"

"நான் விழுந்துட்டே இருக்கேன். எல்லாரும் நிக்காங்க, நான் மட்டும் விழுதேன்."

அவளுடைய தமிழில் அவள் தாயின் பேச்சு அப்படியே இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரவு உணவுக்கு முன் மருமகனிடம் கேட்டேன். பனிச்சறுக்குக் காலணியை எந்த அளவில் வாங்கினீர்கள் என்று.

"அவ ஸ்கூல் ஷூ நம்பர் பார்த்து, அதுக்கு மேல ரெண்டு நம்பர் கூட்டி எடுத்தேன். வளருத பிள்ளை. ரெண்டு வருஷமாவது வரணும்லா? ஆடினா இந்த வருஷமும் அதுதான். ரெண்டு சாக்ஸ் போட்டா பிடிச்சுக்கிடும்."

"பிடிக்கவில்லை. காலைப் பாருங்கள்."

"காலை நான் தினமும் பாக்கேன் மாமா. நீங்க இன்னைக்குத்தான் பாக்கீங்க."

அப்போது பக்கத்து வீட்டு அண்ணாச்சி பிரசாதம் கொண்டுவந்தார். பேச்சின் சூடு தெரியாமல் பேத்தியிடம், "என்ன மக்கா, ஐஸ்ல ஓடுத செருப்பாமே? நம்மூர்ல அதைப் போட்டுக்கிட்டு ஐஸ் பெட்டிக்குள்ளதான் ஓடணும்" என்று சிரித்தார். யாரும் சிரிக்காததால் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

"அவளுக்கே வேண்டாமாம்," என்றார் மருமகன். "அவ அம்மாவுக்காகத்தான் ஆடிக்கிட்டிருந்தா. அம்மா இல்ல, ஆசையும் போச்சு. அடுத்த சீசனுக்குப் பெயர் குடுக்க இந்த வாரம் கடைசி. குடுக்கப் போறதில்ல. விட்டுருங்க."

"ஆசை போகவில்லை. காலணி பெரிது."

"நீங்க ஷூவைப் பத்திப் பேசுதீங்களா?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "உங்க மக எல்லாம் சொல்லியிருக்கா."

அவள் சொல்லியிருக்கக்கூடியது இதுதான். நான்காம் வகுப்பில் அவளுக்கு இரண்டு அளவு பெரிய காலணி வாங்கி, முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், காலணி மடங்கி, எல்லோர் முன்னிலையிலும் முகம் குப்புற விழுந்தாள். தூக்கிவிடப் போன நான் சொன்னது, "பார்த்து ஓடத் தெரியாதா?" அதன் பிறகு அவள் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. அவளுக்கு ஓட்டத்தில் நாட்டமில்லை என்றே நான் நெடுங்காலம் பிறரிடம் சொல்லிவந்தேன்.

அதே வாக்கியத்தைத்தான் இப்போது இவர் தம் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கைபேசியில் மகளின் குரற்செய்தி ஒன்று இருந்தது. பேத்திக்கு முதன்முதலாகச் சறுக்குக் காலணி வாங்கிய அன்று, கடையிலிருந்து அனுப்பியது. அவள் இறந்த பிறகு நான் அதைத் தொட்டதில்லை. அன்று மேசைமேல் கைபேசியை வைத்து இயக்கினேன். நியாயம் என் பக்கம் என்று நிறுவுவதற்காகவே இயக்கினேன். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

"அப்பா, நீங்க எனக்கு ஷூ வாங்குன மாதிரி இதை வாங்கப்படாதாம். கடைக்காரன் சிரிக்கான். ஸ்கூல் ஷூ நம்பரை விட ஒண்ணு, ஒண்ணரை கம்மியா எடுக்கணுமாம். இதுக்கு நம்பரே வேற கணக்கு. லேஸை அவுத்துட்டுக் காலை முன்னால தள்ளினா, குதிகாலுக்குப் பின்னால ஒரு விரல் போகணும். ரெண்டு விரல் போனா பெருசு..."

"என்னோடதுல மூணு விரல் போகும்," என்றாள் பேத்தி, மெல்ல.

குரல் தொடர்ந்தது.

"நிமிந்து நின்னா பெருவிரல் முன்னால லேசா உரசணும். முட்டியை மடக்கினா விலகணும். மெல்லிசு சாக்ஸ், ஒண்ணே ஒண்ணு. பஞ்சு கிஞ்சு அடைக்கப்படாது, கேட்டீங்களா? நாலாங்கிளாஸ்ல நான் ஏன் விழுந்தேன்னு இப்பமாவது விளங்குச்சா? பதில் போடுங்க."

நான் அன்று போட்ட பதிலும் அதன் கீழே திரையில் இருந்தது: 'குழந்தையைக் குளிரில் அதிக நேரம் விடாதே.'

மருமகன் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்ககிட்டயே இருந்துச்சு."

"ஆம்."

"அவ போய் மூணாவது வாரம் நான் அந்தக் கடைக்குப் போனேன் மாமா. அவதான் எல்லாம் பார்த்துக்கிடுவா, எனக்கு ஒண்ணும் தெரியாது. கடையில ஒரே கூட்டம். எதையோ எடுத்துட்டு வந்தேன். ஒரு வருஷமா இந்தப் பிள்ளை விழுதா. இது உங்க ஃபோன்ல கிடந்துருக்கு."

பதில் இருந்தது. அவள் குரலைக் கேட்கும் துணிவு எனக்கில்லை என்பதே அது. அதை அவரிடம் சொல்ல நான் விரும்பவில்லை. சொல்லவுமில்லை.

எழுந்து போய்க் கட்டம் போட்ட வரைபடத் தாள் புத்தகத்தையும் எஃகு அளவுகோலையும் எடுத்து வந்தேன். மாலையில் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். அப்போது அளப்பதே சரி. தாளைத் தரையில் சுவரோடு ஒட்டி விரித்து, பேத்தியைக் குதிகால் சுவரில் படும்படி நிற்கச் சொன்னேன். என் முழங்கால்கள் தரைவரை மடங்குவதில்லை. மருமகன் என்னிடமிருந்து பென்சிலை வாங்கினார். வாங்கினார் என்பது நாகரிகமான சொல். பிடுங்கினார்.

"சாய்க்காதீர்கள். பென்சில் செங்குத்தாக இருக்க வேண்டும்."

"தெரியும்."

"சாய்கிறது."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க."

"அப்பா, கிச்சுகிச்சு மூட்டுது," என்று பேத்தி காலை இழுத்தாள். மீண்டும் வரைய வேண்டியதாயிற்று. இரண்டு பாதங்களையும் வரைந்தோம். இடது பாதம் வலதைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம். நீண்ட பாதத்துக்கே வாங்க வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. கைபேசியில் அளவு அட்டவணையைத் தேடி எண்ணைப் படித்தார். கனடா வீட்டில் கிடந்த காலணியைவிட அது இரண்டு அளவு சிறியது. ஓராண்டு வளர்ந்த பிறகும்.

"சீசன் நடுவுல கால் வளந்துட்டா?"

"அளந்து வேறு வாங்குங்கள். வளர்வது பிள்ளையின் வேலை. அதற்கு முன்பே போய் நிற்பது காலணியின் வேலையன்று."

பேத்தி கேட்டாள்: "சின்னது போட்டா நான் விழ மாட்டேனா?"

எங்கள் இருவரில் யாருக்கும் அதற்கு உறுதி கூறத் தகுதியில்லை. "போட்டுப் பார், தெரியும்" என்றேன். அவள் சிறிது நேரம் தாளில் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பேர் குடுங்கப்பா" என்றாள்.

நினைவு நாள் முடிந்து அவர்கள் புறப்பட்டபோது, அந்த இரண்டு பாதங்களின் தாளை நான் வைத்துக்கொள்ள எண்ணியிருந்தேன். மேசையில் தாளும் இல்லை, புத்தகமும் இல்லை. அவர் என்னைக் கேட்காமலேயே பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவர் என்னை அழைத்ததில்லை. நானும் அழைத்ததில்லை. ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு புகைப்படம் வரும். என் வரைபடத் தாளில் ஒரு சிறு பாதம், பக்கத்தில் அளவுகோல். வணக்கமோ நலம் விசாரிப்போ இருக்காது. கட்டங்களை எண்ணி, 'போதும்' அல்லது 'மாற்ற வேண்டும்' என்று எழுதுவேன். முதல் இரண்டு படங்களில் கோடு சாய்ந்திருந்தது. அதையும் குறிப்பிட்டேன். மூன்றாவதில் நேராக இருந்தது.

ஒரு முறை மட்டும் கூடுதலாகக் கேட்டேன்: 'விழுகிறாளா?'

பதில் மறுநாள் காலையில் வந்திருந்தது.

'விழுதா. எல்லாரும் விழுத அளவுக்குத்தான்.'