பந்தலில் இறங்க மறுத்த மிருகம்

நான் எழுதுவது மாயக்கதைகள். பறக்கும் மிருகங்கள், பேசும் ஆறுகள், முந்நூறு வயது ராணிகள். எழுதுகிற இடம் காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் யாராவது வந்து, "சும்மாதான இருக்க?" என்று முருங்கைக்கீரையை உருவக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது நாவலில் ஒரு மிருகம் வந்தது. யானை அளவு, சிறகு உண்டு. மலையிலிருந்து பறந்து வந்து திராட்சைப் பந்தல்மேல் இறங்கி, பழம் தின்ன வேண்டும். படித்துவிட்டு, சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன் செய்தார். "மிருகத்தை நம்ப முடியுது. அது இறங்குறதைத்தான் நம்ப முடியலை."

மதியம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கதைப்புத்தகம் தொடாதவர். ஆனால் பந்தல் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"என்ன எடை இருக்கும்?"

"ஒரு யானை எடை."

தட்டில் கை நின்றது. "எந்தத் தோட்டத்துல எறங்குது?"

"கதையிலங்க. நம்ம தோட்டத்தை மனசுல வச்சு எழுதுனேன்."

"அறுப்புக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. பழம் இருந்தாத்தான திங்கும்?"

"கம்பி அந்து, கல்தூணு மொத்தமும் சாஞ்சுபோகும். வேற யாரு தோட்டத்துலயாச்சும் எறக்கு."

அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

பந்தலை மேலிருந்து ஒருமுறைகூடப் பார்க்காமல் எழுதியதுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலை ஏணியைச் சாய்த்து ஏறி, எடை ஒரே இடத்தில் விழாதபடி கைகால்களை விரித்துக் கம்பிகள்மேல் குப்புறப் படுத்தேன். தாங்கியது. கதையில் 'பச்சைக் கடல்' என்று எழுதியிருந்தேன். கடலாவது! தெளித்த மருந்து காய்ந்த வெள்ளைத் திட்டுகளோடு, ஓட்டை ஓட்டையாக, பழைய போர்வையை உலர்த்தியது போல இருந்தது. இறங்கலாம் என்று காலை நீட்டியதில் ஏணி சரிந்து விழுந்தது. பின்னல் வேறு கம்பியில் சிக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கேரள வியாபாரி ஒருவரைப் பழம் பார்க்க அழைத்து வந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு இலைச்சந்து வழியே பார்த்தேன். வியாபாரி நல்ல உயரம். பந்தலுக்கடியில் முழங்காலை மடக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கைகளைப் பின்னால் கட்டியபடி மெல்ல வந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி மோந்தார். பிறகு அடுத்த கொத்து. எனக்குப் பின்னல் வலியே மறந்துபோனது. என் வயிற்றுக்கு நேர்கீழே தொங்கிய கொத்துக்கு வந்தவர் கண்ணைத் திறந்தார்.

"ஐயோ, எந்தா இது?"

வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காவலுக்குங்க. மைனா ரொம்ப வருது."

"அதுக்கு வீட்டுக்காரியையா மேல ஏத்தி வச்சிருக்கு?"

"ஆள் கெடைக்கலைங்க." பிறகு என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, "கேரளாவுல இருந்து வந்திருக்காக. எறங்கு," என்றார்.

பின்னலை எடுக்க, கொடி வெட்டும் கவாத்துக் கத்தரியோடு அவர் ஏறியதும் நான் போட்ட சத்தத்தில் உண்மையான மைனாக்கள் பறந்தன. வியாபாரிதான் அவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி, பொறுமையாக ஒவ்வொரு இழையாகப் பிரித்துவிட்டார். இறங்கியதும் ஒரு பழத்தை வாயில் போட்டு, "புளிக்குது" என்று வழக்கம்போல விலையைக் குறைத்தார்.

அன்றே மோட்டார் ரூமில் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். மிருகம் ஆற்றங்கரையில் இறங்கி, சிறகை முதுகில் கட்டிக்கொண்டு, முழங்கால் மடக்கி, கழுத்தை நீட்டிப் பந்தலுக்கடியில் நடந்து வந்தது. கண்ணை மூடி ஒவ்வொரு கொத்தாக மோந்து மோந்து தின்றது. "இந்த நடையை எங்க பிடிச்சீங்க?" என்று பதிப்பாசிரியர் கேட்டார்.

புத்தகம் வந்ததும் வியாபாரிக்கு ஒன்று கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. அடுத்த அறுப்புக்கு வந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும். முழுசும் வாசிச்சு. மிருகம் கொள்ளாம், நல்லா இருக்கு. ஆனா ஒரு தப்பு உண்டு."

"சொல்லுங்க," என்றேன்.

"இத்தனை பழம் தின்னுட்டு, ஒரு கொத்துகூட புளிக்குதுன்னு அது சொல்லலையே! அப்படி ஒரு ஜீவி உலகத்துல இல்லை."

சிரிக்காமல்தான் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் சிரித்துப் புரையேறி, கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.