அத்தையிடம் அவர்கள் என்ன பார்த்தார்கள்

ஐந்தாவது முறையாக வேலை கிடைக்காமல் அத்தை திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா சோற்றைப் போட்டு, வறுத்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அத்தையின் தட்டில் வைத்தார். தோற்றுவிட்டு வருகிறவர்களுக்கு எதற்குப் பெரிய துண்டு என்று எனக்குப் புரியவில்லை. கால் பரீட்சையில் நான் கணக்கில் கோட்டை விட்டபோது வாலோடு ஒட்டிய துண்டுதான் கிடைத்தது.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருந்த எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போய் பி.காம். முடித்த முதல் பெண். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போய்வருவார், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பார். எனக்கு அப்போது பத்து வயது. காசிமேட்டிலிருந்து ஒரு குடும்பம் அத்தையைப் பெண் கேட்டு வந்துபோயிருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக விசைப்படகு இருந்தது, எட்டாவதோடு படிப்பு நின்றிருந்தது. பொங்கலுக்குள் வேலை கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா கெட்டவர் இல்லை. படித்த பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது என்று தெருவில் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

ஒவ்வொரு முறை அத்தை திரும்பி வந்ததும், ஆள் எடுக்கிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது பற்றி வீட்டில் ஒரு புதிய முடிவு எட்டப்படும். முதல் தடவை சுடிதார் போட்டுப் போனதுதான் தப்பு என்று ஆனது. அடுத்த தடவை புடவை கட்டிப் போனாள். புடவை கட்டினால் கல்யாணம் ஆகிப் போய்விடுகிற பெண் என்று நினைத்திருப்பார்கள் என்று முடிவானது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, துறைமுகத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்தார். அதனால் இன்டர்வியூ பற்றி எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், அங்கேதான் பாதி வேலை கிடைக்கிறது என்றார். ஆண்களின் கண்ணைப் பார்த்துப் பேசினால் திமிர் பிடித்தவள் என்று நினைக்க மாட்டார்களா என்று அம்மா கேட்டார். இருவருக்கும் நடுவில் அத்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது தோல்விக்குப் பிறகு அத்தை, நேர்முகத் தேர்வுக்கு வழி சொல்லும் பழைய புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்தாள். தினமும் சாயங்காலம் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் மேனேஜராக உட்கார்ந்து அதிலுள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்த மேனேஜருக்கே பல கேள்விகள் விளங்கவில்லை. 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்கு, 'அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்' என்று பதில் போட்டிருந்தது. அத்தையின் பலவீனம் மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிவிடுவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 'இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. கல்யாணம் ஆகாவிட்டால் இதே வீட்டில், ஆகிவிட்டால் காசிமேட்டில் என்று நான் பதில் சொல்லிக் கொடுத்தேன். அத்தை அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னாள்.

கேள்விகளைவிடப் பெரிய வேலை பேச்சைத் திருத்துவது. நான்கு இடங்களில் அவள் வாயைத் திறந்ததுமே முகங்கள் மாறிவிட்டன என்று அத்தையே சொன்னாள். 'இன்னா' என்று வரக்கூடாது, 'கீது' வரக்கூடாது, 'வந்துகினு', 'போய்கினு' எதுவும் கூடாது. வந்தால் மரஸ்கேலால் அவளுடைய விரல் கணுவில் ஒரு தட்டு தட்ட எனக்கு அனுமதி. முதல் நாள் என் கை வலித்தது. மூன்று வாரத்தில் அத்தை, செய்தி வாசிப்பவர் போலப் பேச ஆரம்பித்தாள். 'அண்ணி, சாம்பார் இருக்கிறதா?' என்று அவள் கேட்டதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

ஆறாவது இன்டர்வியூ எண்ணூர் போகும் சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டில். கப்பலில் வரும் பெரிய இரும்புப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிற இடம். அலுவலக உதவியாளர் வேலை. கூட வருவதாகச் சொன்ன மாமாவுக்கு அன்று டியூட்டி வந்துவிட்டது. மழைத் தண்ணீர் வடியாததால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஒரு லாரிக்கு அடியில் அடுப்பு வைத்து யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை புடவை மடிப்பைக் கையில் பிடித்தபடி, சேற்றில் கால் படாமல் லாரிகளை ஒட்டி நடந்தாள்.

உள்ளே கண்ணாடி போட்ட அறையில் ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். கண்ணாடி அணிந்த ஒரு பெண் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, அத்தையிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். 'திருவொற்றியூரிலிருந்து வருகிறோம்' என்றாள் அத்தை. ஒரு எழுத்து பிசகவில்லை. என் வாத்தியார்த்தனம் பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தையைக் கூப்பிட்டார்கள். கதவைச் சரியாகச் சாத்தாததால் எனக்கு உள்ளே பேசுவது கேட்டது. மேனேஜர் தலை நரைத்த, களைத்த மனிதர். புத்தகத்திலிருந்த ஒரு கேள்வியையும் அவர் கேட்கவில்லை. மழை பெய்தால் எப்படி வருவீர்கள், வீட்டில் யார் யார், கல்யாணம் ஏதாவது நிச்சயம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் நானே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். இதற்காகவா மூன்று வாரம் ஸ்கேலால் தட்டினோம் என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. வயதான ஒரு டிரெய்லர் டிரைவர், தடுத்த செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். லுங்கி, தோளில் அழுக்குத் துண்டு, கையில் கசங்கிய காகிதங்கள். இரண்டு நாளாக வரிசையில் நிற்கிறேன், சீட்டில் பெட்டி நம்பர் தப்பு என்று வெளியே சீட்டு வாங்கும் ஜன்னலில் இருந்தவன் நாளைக்கு வரச் சொல்லிவிட்டான். இனி ஒரு அடி நகர மாட்டேன், முடிந்தால் என்னை வெட்டிப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள் என்று கத்தினார். மேனேஜர் வெளியே வந்து, ப்ரொசீஜர் என்று ஒன்று இருக்கிறது, கோஆபரேட் பண்ணுங்கள் என்றார். டிரைவருக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மேஜை மேல் ஓங்கி அடித்தார். பிஸ்கட் கொடுத்த பெண் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

மேனேஜருக்குப் பின்னாலிருந்து அத்தை முன்னால் வந்தாள்.

"நைனா, இன்னாத்துக்குக் கத்திகினு கீறே? குந்து மொதல்ல. காலைல ஏதாச்சும் துன்னியா?"

வீட்டில் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுகிற அதே 'நைனா'. டிரைவரின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் அத்தையைப் பார்த்தார், பிறகு தன் காகிதங்களைப் பார்த்தார்.

"நேத்துலேர்ந்து டீயிலயே கீறேம்மா," என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. "என் மேல தப்பு இல்லம்மா. அத யாரும் பாக்கவே மாட்டேன்றாங்க."

"குடு, நான் பாக்குறேன்."

சோபாவில் அவரை உட்கார வைத்துவிட்டு, அத்தை இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் படித்தாள். ஒன்றில் கடைசி எண் ஒன்று, இன்னொன்றில் ஏழு. பிறகு மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "சார், கப்பல் பேப்பர்ல ஏழு கீது. உங்க சீட்டுல ஒண்ணுன்னு எழுதிட்டாங்க. இவர் இன்னா பண்ணுவாரு?" என்றாள்.

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்து எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். டிரைவர் அத்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மேனேஜரைப் பார்க்காமலேயே வெளியே போனார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு 'இன்னாத்துக்கு', ஒரு 'குந்து', ஒரு 'துன்னியா', சாருக்கு எதிரிலேயே ஒரு 'கீது'. மூன்று வாரமாகப் பூட்டி வைத்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் வெளியே கொட்டிவிட்டது. காத்திருந்த பெண்களில் ஒருத்தி கைக்குட்டையால் வாயை மூடிச் சிரித்தாள். அத்தைக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எந்த ஏரியா நீங்கள் என்று மேனேஜர் கேட்டார். இந்தத் தடவை அத்தை திருவொற்றியூர் என்று சொல்லவில்லை, குப்பத்தின் பெயரைச் சொன்னாள். சரி, போன் பண்ணுகிறோம் என்றார் அவர்.

நாங்கள் வெளியே வரும்போது, மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "கேட்டுக்குச் சரியான ஆளு."

கேடு என்ற சொல்லை எனக்குத் தெரியும். வீட்டில் எதையாவது உடைத்தால் அம்மா என்னைக் கேடு பிடித்தவளே என்றுதான் திட்டுவார். கேட்டுக்குச் சரியான ஆள் என்றால் அத்தை போகிற இடமெல்லாம் கேடு வரும் என்று சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இதை அத்தையிடம் சொல்லக்கூடாது என்று மட்டும் தோன்றியது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் சொன்னதை நான் வெளியே விடவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான்.

வீட்டில் நடந்ததைக் கேட்டதும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா, போகட்டும், காசிமேட்டுக்காரர்களுக்கு வரும் வெள்ளிக்கிழமை பதில் சொல்லிவிடலாம் என்றார். அத்தை அந்தப் புத்தகத்தை எடுத்துப் பழைய பேப்பர்க் கட்டின் மேல் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவின் செல்போனுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஜெயித்திருந்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசியிருப்பாள், அதுதான் என்றார் மாமா. தான் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவைதான் காரணம் என்றார் அம்மா. தப்பைத் தப்பு என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொன்னாளே, அந்த நேர்மையைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்றார் அப்பா. நான்தான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தேன். சரியாகப் பேசிய இடத்திலெல்லாம் கிடைக்காத வேலை தப்பாகப் பேசிய இடத்தில் எப்படிக் கிடைத்தது? கேடு என்று சொன்னவர்களே எதற்குக் கூப்பிட்டார்கள்? அத்தை மட்டும் எந்தக் காரணமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காசிமேட்டுக்காரர்களுக்கு வேறு பதில் போயிற்று.

அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மாமாவின் வண்டியில் நானும் யார்டுக்குப் போனேன். அத்தையைத் தேடி உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. கேட்டை ஒட்டித் தகரத்தில் ஒரு சின்ன அறை, அதில் கம்பி போட்ட ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அத்தை. மேலே ஒரு ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே பத்துப் பதினைந்து டிரைவர்கள் யக்கா, யக்கா என்று காகிதங்களை நீட்டினார்கள். இரு நைனா, ஒவ்வொருத்தரா வா, சொம்மா இடிச்சிகினு நிக்காதே என்று அத்தை உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு லாரியும் கிளம்பும்போது கிளம்பிய தூசி ஜன்னல் வழியாக அவள் தலையில் படிந்தது. கேட்டுக்கு என்று மேனேஜர் சொன்னது இந்தக் கேட்டைத்தான் என்று அப்போது விளங்கியது. அப்பாடா என்று இருந்தது.

பின்னால் கொஞ்சம் தள்ளிக் கண்ணாடி அறையில், எனக்குப் பிஸ்கட் கொடுத்த பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவளையும் எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

அந்தக் கம்பெனியிலேயே அத்தைக்குத்தான் முதல் இடம் என்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவள் சொல்லாமல் ஒரு வண்டி உள்ளே போக முடியாது, மற்றவர்களெல்லாம் பின்னால் எங்கேயோ இருக்கிறார்கள். அப்பா இதைத் தெரு முழுக்கச் சொன்னார். நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

சாயங்காலம் அத்தை வந்து, தலையிலிருந்த தூசி போக இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் குளித்தாள். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவளிடம், அந்தப் பெண்ணும் நீயும் ஒரே வேலைக்குத்தானே போனீர்கள், அவள் உள்ளே ஏசியில் இருக்கிறாள், நீ ஏன் அங்கே உட்காரவில்லை என்று கேட்டேன்.

அத்தை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஏசி ஒத்துக்காதுடி," என்றாள்.

அதை நான் அப்படியே நம்பினேன். பிறகு பல வருஷம், சொந்தக்காரர் வீடுகளில் அத்தை வந்ததும் யாராவது ஏசியைப் போட எழுந்தால், வேண்டாம், அத்தைக்கு ஒத்துக்காது என்று நானே ஓடிப்போய்த் தடுப்பேன். அத்தை என்னைத் திருத்தியதே இல்லை. வியர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.