தெல்மாவின் இடது கதவு

ஐஸ்கிரீம் டப்பாவில் பாதியளவு மண்ணெண்ணெய் ஊற்றி, அதற்குள் கார் கதவின் லாக்கைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் தெல்மா. கையில் ரப்பர் உறை. தேய்ப்பதற்குப் பல்செட் பிரஷ். பிரஷ் நுழையாத இடுக்குகளுக்குக் குரோஷா ஊசி. வேலைக்காலம் முழுவதையும் முதியோர் இல்லத்தில் கழித்தவளிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கும்? லாக்குக்குள்ளிருந்து செம்மண்ணும் பழைய எண்ணெயும் கலந்து, பார்க்கச் சகிக்காத ஒரு கூழ் இறங்கியது. அவளுக்கு அருவருப்பு எதுவும் இல்லை. அடைத்துக்கொண்டதை வெளியே எடுப்பதற்குத்தானே அவளுக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தார்கள்.

"வந்துடு ராசா. அடக்கி வைக்காதே" என்று லாக்கிடம் சொன்னாள்.

அறுபத்துநாலாம் வருஷத்து ஹோல்டன் கார். வெளிர்ப் பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு. பீட்டர்பரோ என்ற அந்தச் சின்ன ஊரில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. வியாழக்கிழமைக்குப் பிறகு அதன் இடது கதவைத் தெரியாதவர்களும் கிடையாது.

அந்தக் கதவு ஆறேழு மாதமாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. தெல்மா அதற்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எண்ணெய் ஸ்ப்ரேதான் சகல ரோகத்துக்கும் மருந்து. கேட் கிறீச்சிட்டால் அடிப்பார்கள், குழாய் இறுகினால் அடிப்பார்கள், முழங்கால் வலித்தால்கூட அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. தெல்மா மூன்றுக்கும் அடித்தவள். கேட் ஒன்றுதான் குணமானது. கார் கதவில் அடித்த எண்ணெயோ, ரோட்டுத் தூசியையெல்லாம் விருந்துக்கு அழைத்து உள்ளே உட்கார வைத்தது. போன மாதம் லாக்கைக் கழற்றிக் கழுவி மாட்டினாள். மாட்டிய கையோடு, பழக்க தோஷத்தில், மறுபடியும் ஸ்ப்ரே அடித்தாள். சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டாள்.

அந்தச் சான்றிதழை நம்பித்தான் வியாழக்கிழமை ஐவியை ஏற்றினாள்.

ஐவிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. தெல்மா வேலை பார்த்த அதே இல்லத்தில் ஒரு காலத்தில் சமையலறையை ஆண்டவள். இப்போது அங்கேயே குடியிருந்துகொண்டு, தினமும் சூப்பைக் குறை சொல்கிறாள். பழைய கார் சங்கத்தார் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக மலையிறங்கி, போர்ட் ஜெர்மைனுக்குக் கடல் பார்க்கப் போவார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்னு என்கிட்டச் சொல்லாதேடி. அடுத்த வருஷத்தை நான் நம்பலை. இந்தத் தடவை என்னையும் கூட்டிட்டுப் போ" என்று கேட்டிருந்தாள் ஐவி. சங்கத்தின் மற்ற கார்களில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஐவியின் இடுப்புக்கு ஒத்துவருகிற உயரத்தில் சீட்டு இருந்தது தெல்மாவின் காரில் மட்டும்தான்.

ஒத்திகையாக ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இல்லத்து வாசலுக்குத் திரும்பியபோது, இடது கதவு திறக்க மறுத்துவிட்டது. உள்ளேயிருந்து ஐவி இழுத்தாள். வெளியேயிருந்து தெல்மா இழுத்தாள். அந்த வழியாக வந்த தபால்காரரும் ஒரு கை பார்த்தார். கடைசியில் ஐவியைச் சீட்டின் நீளத்துக்கும் நகர்த்தி, ஸ்டியரிங்குக்கு அடியில் வளைத்து, வலது கதவு வழியாகக் கால் முன்னால் வர வெளியே எடுத்தார்கள்.

"பின்னங்கால் முன்னாடி வர்ற கன்னுக்குட்டி கஷ்டம்தான். பசு பிழைச்சுதே, அதைச் சொல்லு" என்றாள் ஐவி, கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டே.

இல்லத்தின் பொறுப்பு நர்ஸ் மரிசெல் சிரிக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையில நானே வந்து பார்ப்பேன் தெல்மா. கதவு ஒழுங்கா திறந்து மூடுச்சுன்னா ஐவி வரலாம். இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும். வழியில கார் கவுந்தா எப்படி எடுப்பீங்க அவங்களை?"

தெல்மாவால் கோபப்படக்கூட முடியவில்லை. அந்தப் பொறுப்பில் தான் இருந்திருந்தால், இதையே இன்னும் காரமாகச் சொல்லியிருப்பாள்.

இப்போது சனிக்கிழமை. லாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கிளாரி வேலியோரமாக வந்து நின்றார். ஊர் ஊராகக் காற்றாலைப் பம்பு பழுதுபார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். அடுத்தவர் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்ன, ஆபரேஷனா?"

"குடல் கழுவுறேன். நின்னு பார்க்காம உள்ள வந்து அந்த ஸ்குரூவை எடுத்துக் குடு."

"இதே நோயாளிதானே போன மாசமும் படுத்தார்? பிழைச்சுக்குவாரா?"

"என் கையில விழுந்தவங்க எல்லாரும் பிழைச்சிருக்காங்க."

"நீ வேலை பார்த்த இடத்துலேர்ந்து யாரும் பிழைச்சு வீட்டுக்குப் போனதா நான் கேள்விப்படலையே தெல்மா."

லாக்கை மாட்டினார்கள். இந்த முறை ஸ்ப்ரே கிடையாது. தெல்மா கதவை மூடினாள், பட்டனை அமுக்கினாள், இழுத்தாள். கதவு அசையவில்லை. கைப்பிடியோடு சேர்த்து மேலே தூக்கிக் குலுக்கியதும், வேண்டாவெறுப்பாகத் திறந்தது.

தெல்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவ்வளவுதான். நாளைக்கு அந்தக் கிழவி ஜன்னல்கிட்ட உட்கார்ந்து கார் போறதை எண்ணட்டும். நான் கடலை ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வந்து குடுக்கிறேன்."

கிளாரி திறந்த கதவு வழியாக இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். உட்புறக் கைப்பிடியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு இறங்குவதற்காகக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் அதில் போட்டு, 'ஹூம்' என்று ஒரு முக்கு முக்கி எழப்போனார்.

யோசிப்பதற்கு முன்பே தெல்மாவின் தொண்டை வேலையில் இறங்கிவிட்டது. "கதவைப் பிடிச்சு எழுந்திருக்காதே! கதவு என்ன வாக்கரா? ரெண்டு கையையும் சீட்டுல ஊனு. உட்காருற இடத்தை முன்னாடி நகர்த்து. காலை உள்ளுக்கு இழு. மூக்கு கால் கட்டைவிரலைத் தாண்டணும். இப்போ எழு!"

இல்லத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன மந்திரம் அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களையெல்லாம் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொல்வாள்.

கிளாரி பாதி எழுந்த நிலையிலேயே அவளைப் பார்த்தார். "நான் இப்படி எழுந்திருக்கிற ஆள் இல்லை தெல்மா. நீ எழுந்திருக்கிறதைத்தான் காட்டினேன்."

"நானா? எப்போ?"

"தினமும்தான். எங்க வீட்டு அடுப்படி ஜன்னல்லேர்ந்து பார்க்கிறேனே. அந்த 'ஹூம்'கூட உன்னோடது."

தெல்மா ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கார் ஷெட்டில் வலது சுவர் நெடுகப் பழைய சாமான். அதை ஒழிக்கிறேன் ஒழிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, சாமானை ஒட்டிக் காரை நிறுத்தி, நீளச் சீட்டில் நகர்ந்து இடது பக்கமாக இறங்குவது அவள் வழக்கம். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து கதவில் தொங்கித்தான் எழுந்திருக்கிறாள். எவ்வளவு எடை தொங்கியது என்பது அவளுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கட்டும்.

எழுந்து போய், திறந்திருந்த கதவின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மேலே தள்ளினாள். 'லொடக்' என்று ஏறியது. விட்டாள். 'லொடக்' என்று இறங்கியது. கீல் தளர்ந்து கதவே தொங்கிப்போயிருந்தது. தொங்கின கதவின் லாக், காரின் கதவுச் சட்டத்தில் இருக்கும் கொக்கியில் கோணலாக மாட்டிக்கொண்டு விழித்தது. அந்த லாக் ஒரு பாவமும் அறியாதது. இடுப்பெலும்பு நழுவிய ஆளுக்கு இரண்டு முறை குடல் கழுவியிருக்கிறாள் தெல்மா. இதே காரியத்தைப் புதுப்பெண் ஒருத்தி செய்திருந்தால், வேலையை விட்டே அனுப்பியிருப்பாள்.

"ஜாக்கி வேணும்" என்றாள்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் கிளாரி. "முதல்ல கதவுக்கா, உனக்கா?"

கதவுக்கு அடியில் ஜாக்கியை வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டை வைத்தார்கள். பெயின்ட் உரியாமலிருக்க, படுக்கை நனையாமல் விரிக்கிற பஞ்சு விரிப்பு ஒன்றை மடித்துக் கட்டைமேல் போட்டாள் தெல்மா. அது அவளிடம் எப்போதும் ஸ்டாக் இருக்கும். மேல் கீலுக்குள் இருக்கும் முளைக்கம்பி தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தது. கிளாரி தன் ஷெட்டிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைத் தேடியெடுத்து, அதே நீளத்துக்கு அறுத்து ராவிக் கொண்டுவந்து, பழைய முளையின் இடத்தில் செருகினார். போல்ட்டுகளைத் தளர்த்திக் கதவை ஒரு மயிரிழை உயர்த்தினார்கள். மூடிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மயிரிழை உயர்த்தி முடுக்கினார்கள். கதவு மெத்தென்று மூடி, ஒரு விரலுக்குத் திறந்தது.

"இதுக்குமேல அதுல தொங்கினே, நான் வரமாட்டேன்" என்றார் கிளாரி.

"தொங்க நான் என்ன வௌவாலா? போய் ஜாக்கியை உள்ள வை."

மறுநாள் காலை மரிசெல் சொன்னபடியே வாசலுக்கு வந்தாள். தானே காருக்குள் உட்கார்ந்து, கதவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடித் திறந்தாள். "சரி. சாயங்கால மாத்திரைக்குள்ள திரும்பிடணும்" என்றாள். ஐவி தொப்பியோடும், மடியில் முட்டை சாண்ட்விச் தட்டோடும் ஏறினாள். பின்சீட்டில் கிளாரி, பக்கத்தில் ஐவியின் வாக்கர். மலையிறங்கும் வழி முழுக்க அந்த முட்டையில் மிளகு பற்றாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடல் தெரிந்ததும் தட்டைத் தெல்மாவின் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

போர்ட் ஜெர்மைனில் கடலுக்குள் நீண்டு போகும் மரப்பாலத்துக்கு எதிரே காரை நிறுத்தினார்கள். கிளாரி வாக்கரை எடுத்துவைக்க, ஐவி சீட்டில் கை ஊன்றி, மூக்கை முன்னே நீட்டி, பாடப்புத்தகப் படம் போல எழுந்து நின்றாள். அடுத்து தெல்மா. அவளுடைய வலது பக்கம் வெட்டவெளி. அந்தக் கதவைத் திறந்து சாதாரணமாக இறங்கியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. இடது பக்கம் நகர்ந்து வந்தாள். கை தானாகக் கதவின் விளிம்புக்குப் போனது.

"அடியே! கை எங்கே போகுது?" என்று ஐவி போட்ட சத்தத்தில், சங்கத்தார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "சீட்டுல ஊனு. நகரு. மூக்கு எங்கே? மூக்கைக் கொண்டா முன்னாடி!"

தெல்மா ஊன்றினாள், நகர்ந்தாள், மூக்கை நீட்டினாள், பாதி எழுந்து பொத்தென்று சீட்டிலேயே விழுந்தாள்.

"மறுபடி" என்றாள் ஐவி.

இரண்டாம் தடவை எழுந்துவிட்டாள். கிளாரி கைதட்டினார். உனக்கு சாண்ட்விச் கிடையாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, தெல்மா ஒரே விரலால் கதவைத் தள்ளி மூடினாள். வாக்கருக்குப் பக்கத்தில், ஐவியின் வேகத்துக்கு, பாலத்தின் பலகைகள் மேல் நடக்க ஆரம்பித்தாள்.