முத்து இல்லாத ஒரு வருஷம்

ஜிம் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, ஆள் வராமல் போனால் வருத்தப்படாமல் இருப்பது. புத்தாண்டு அன்று சேருகிறவர் பொங்கலுக்குள் காணாமல் போவார். கல்யாணத்துக்காக வயிற்றைக் குறைக்க வந்த மாப்பிள்ளை, தாலி கட்டிய மறுநாளிலிருந்து எங்கள் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டார். தென்காசியில் பதினெட்டு வருஷமாக ஜிம் நடத்துகிறேன். என்னைப்போல நடத்தி அவதிப்படுகிறவர்களுக்கும், சேர்ந்துவிட்டுப் போகாமல் அவதிப்படுகிறவர்களுக்கும் இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் ஒருவன் இனி வரவே மாட்டான் என்று தெரிந்த பிறகு மறுநாள் காலை ஷட்டரை எப்படித் தூக்குவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் எழுதப்போகிறேன்.

அஞ்சு சென்டிமீட்டர்

இசக்கிமுத்து ஆய்க்குடிக்காரன். அப்பாவுக்குக் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல். என்னிடம் வந்தபோது பத்தொன்பது வயது. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போய், ஓட்டத்தில் முதல் ஆளாக வந்து, மார்பளவில் தேறாமல் திரும்பி வந்திருந்தான். மூச்சை இழுத்தால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முத்துவுக்கு மூன்றோடு நின்றுவிட்டது.

ஆறு மாதம் தண்டாலும் புல்-அப்ஸும் எடுக்க வைத்தேன். ஒருநாள் டேப்பைச் சுற்றி, "இழுலே" என்றேன். இழுத்தான். டேப்பு நகர்ந்தது. நாலு, நாலரை, நாலே முக்கால். நான் டேப்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அவனை மூச்சு விடச் சொல்ல மறந்துபோனேன். பையனும் மாஸ்டர் சொல்லாமல் விடக்கூடாது என்று கண் பிதுங்க நின்றிருக்கிறான். அஞ்சைத் தொட்டதும் நான் கத்திய கத்தலில்தான் விட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தான். பிறகு கொஞ்சமும் கோபமில்லாமல் கேட்டான்: "மாஸ்டர், மிலிட்டரிக்குப் போவதுக்கு முன்னாலயே என்னைக் கொன்னுருவிய போலுக்கே?"

அக்ரூட்டு

அந்த வருஷமே ராணுவத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஏழு வருஷம், எப்போது லீவில் வந்தாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜிம்மில் இருப்பான். கையில் ஒரு பை அக்ரூட்டு, வால்நட் என்கிறார்களே அது. அதை உடைக்க எங்களுக்குச் சுத்தியல் வேண்டும், அவன் இரண்டை உள்ளங்கையில் வைத்து நெரித்தே உடைப்பான். வேலைக்குப் போகிற அவசரத்தில் வருகிறவர்கள்கூட அன்றைக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிடுவார்கள்.

துப்பாக்கி பற்றியெல்லாம் அவன் பேசியதே இல்லை. குளிரைப் பற்றி, சப்பாத்தியைப் பற்றி, மலைக்கு மேலே பருப்பு வேகாததைப் பற்றிச் சொல்லுவான். ஒரு தடவை, "அங்க எக்சர்சைஸ் எல்லாம் ஒழுங்கா பண்ணுதியாலே?" என்று கேட்டேன். ஒரு அக்ரூட்டுப் பருப்பை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "அங்கன மூச்சு விடதே எக்சர்சைஸ்தான் மாஸ்டர்."

பாட்டு

போன வருஷம் ஆனி மாதம். காலை பேட்ச் நடந்துகொண்டிருந்தது. செங்கோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மைதீனுக்கு போன் வந்தது. அவனும் முத்துவும் ஒரே நாளில் ஜிம்மில் சேர்ந்தவர்கள். பேசிவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். வடக்கே எல்லையில் ரோந்து போன இடத்தில் கண்ணிவெடி. முத்துவும் இன்னொருவரும். அவ்வளவுதான் தகவல்.

நான் போய்ப் பாட்டை நிறுத்தினேன். ஜிம்மில் இரும்பை யாரும் மெதுவாக வைக்க மாட்டார்கள். நானும் பதினெட்டு வருஷமாகச் சத்தம் போட்டுப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு ஒவ்வொருவரும் கையிலிருந்ததைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோலத் தரையில் வைத்தார்கள். யாரும் அழவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எல்லாரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூலையில் டிரெட்மில்லில், சேர்ந்து நாலு நாளே ஆன ஒரு வங்கி அதிகாரி மட்டும் ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "என்ன மாஸ்டர், ஸ்பீக்கர் ரிப்பேரா?"

மூணு ஸ்டார்

உடல் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பையன்கள் ஃபிளெக்ஸ் அடிக்கப் போனார்கள். எங்கள் எல்லாருடைய போனிலும் முத்துவின் படம் நூறு இருந்தது. எல்லாம் பனியன்கூட இல்லாமல் புஜத்தைக் காட்டி நிற்கிற படங்கள். அஞ்சலி போர்டில் அதைப் போட முடியுமா? ஃபிளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே ஒரு யூனிபார்மை மாட்டிவிட்டார். ஆளைக் கொஞ்சம் சிவப்பாக்கினார். அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஜிம்முக்கு ஆறுமுகம் அண்ணாச்சி என்று ஒருவர் வருகிறார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், கடையத்துக்காரர். முழங்கால் வலிக்காகச் சைக்கிள் மட்டும் மிதிப்பார். பிரிண்ட் போடுவதற்கு முன் அவரிடம் காட்டுவோம் என்று கடைக்குக் கூட்டிப் போனோம். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார். படத்தில் முத்துவின் தோளில் மூன்று நட்சத்திரம் இருந்தது. கேப்டன் வைப்பது. முத்து லான்ஸ் நாயக், கையில் ஒரு பட்டை. கடைக்காரர், "இருந்துட்டுப் போட்டுமே அண்ணாச்சி, கெத்தா இருக்குல்லா" என்றார். அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. "அவன் ஏழு வருஷம் நின்னு வாங்குனது ஒரு பட்டை. அத அழிச்சுட்டு மூணு ஸ்டார் குடுக்கதுக்கு நீ யாருலே?"

எந்த யூனிட்

மதுரை வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து ராணுவ வண்டியில் ஆய்க்குடிக்கு வந்தான். அவன் வீடு இருக்கும் சந்தில் வண்டி நுழையாது. மெயின் ரோட்டிலிருந்து ஜவான்கள் தூக்கி வந்தார்கள். வீட்டிலிருந்து சுடுகாட்டுக்கு நாங்கள் தூக்குகிறோம் என்று மைதீன் போய்க் கேட்டான். கூட வந்த அதிகாரி யோசித்துவிட்டு, சரி என்றார்.

பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர். ஜிம்மின் கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தோம், எங்களுக்கென்று வேறு என்ன இருக்கிறது? வலது பக்கம் முன்னால் நான். ஜிம்மில் கனமான சாமானை நகர்த்தும்போது நான் எண்ணுவது வழக்கம். அதேபோல் மெதுவாக "ஒண்ணு, ரெண்டு" என்றேன், ஆறு பேரும் ஒரே மூச்சில் எழுந்தோம். சந்தின் திருப்பத்தில் பெட்டியைச் சாய்க்காமல் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினோம். கால் தானாக ஒன்றாக விழுந்தது. இறக்கும்போது சத்தமே வரவில்லை. தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு ஹவில்தார் உடலோடு வந்திருந்தார். அவர் என் பக்கத்தில் வந்து, காதோடு கேட்டார்: "நீங்கள்லாம் எந்த யூனிட்டுங்க?"

போர்டு

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஜிம் வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தேன். 'ராணுவம், காவல்துறைத் தேர்வுகளுக்குப் பயிற்சி அளிக்கப்படும்' என்று எழுதி, பக்கத்தில் புஜத்தைக் காட்டி நிற்கும் முத்துவின் படம். பதினாறாம் நாள் கழிந்ததும் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். மிலிட்டரிக்குத் தயாராக வேண்டும் என்று வந்த பையன்களிடம் எனக்கு இடுப்புவலி, ஓட முடியாது என்று பொய் சொன்னேன். அந்த ஐந்து சென்டிமீட்டரை நான்தானே விரித்துக் கொடுத்தேன்? மூன்றோடு விட்டிருந்தால் அவன் இந்நேரம் வயலில் நின்றிருப்பானே? யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆய்க்குடி வழியாகப் போக வேண்டிய வேலை வந்தால் சுற்றிப் போனேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறுமுகம் அண்ணாச்சி ஸ்கூட்டரோடு வந்து, "ஏறும்" என்றார். ஆய்க்குடியில் போய்த்தான் நிறுத்தினார். முத்துவின் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா, பேச்சியம்மாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "அம்மா, நான்தான் அவன ஓட வச்சேன்" என்றேன்.

அவர்கள் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "நீங்க ஓட வைக்காட்டா நடந்தாவது போயிருப்பான் தம்பி. எட்டாங்கிளாஸ் படிக்கையிலயே லீவுல வந்த மிலிட்டரிக்காரன் பொறத்தாலயே சுத்துனவன்" என்றார்கள். நாங்கள் எழுந்து கிளம்பும்போதுதான் எதையோ நினைத்துக்கொண்டதுபோல நிமிர்ந்தார்கள். அவர்கள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் குறை சொல்லும் சாயல் தெரிந்தது: "அந்தப் போர்ட எதுக்குக் கழட்டுனிய? டவுனுக்குப் பஸ்ஸுல போவும்போது அதுல அவனப் பாத்துக்கிடுவேன்லா."

நூறு கிலோ

மறுநாள் காலை போர்டை மாட்டினேன். வெயிலில் வெளுக்காமல் இருக்க மேலே ஒரு தகரமும் அடித்தேன்.

மைதீன் விஷயம் வேறு. பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை மார்புக்கு இறக்கி மேலே தூக்குகிற பயிற்சியில் அவன் கெட்டிக்காரன். அதில் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும், தூக்க முடியாமல் போனால் பிடிப்பதற்கு. வருஷம் முழுக்க யாராவது நிற்பார்கள். ஆனால் பெரிய எடையை முயற்சி செய்வது முத்து லீவில் வரும்போது மட்டும்தான். தீபாவளிக்கு வருகிறேன், நூறு கிலோ போடுவோம் என்று முத்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் மைதீன் வந்து, இரண்டு பக்கமும் தட்டுகளை மாட்டி நூறாக்கினான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்த் தலைமாட்டில் நின்றேன். படுத்தான். இறக்கினான். பாதி தூரம் ஏறிய கம்பி நடுங்கியது, நான் உடனே பிடித்துத் தூக்கிக் கொக்கியில் வைத்துவிட்டேன். மாஸ்டர் இல்லையா, கை சும்மா இருக்குமா? மைதீன் எழுந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். வேர்வைதான் என்று நானும் வேறு பக்கம் பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்தே சொன்னான்: "நீங்க நின்னா சீக்கிரம் பிடிச்சுருதிய மாஸ்டர். அவன் நின்னா, 'இன்னும் இருக்குலே ஒங்கிட்ட'ன்னு பாத்துக்கிட்டே நிப்பான்."

ஐந்தருவி

வருஷம் திரும்பியது. மாலை, மைக், மேடை எதுவும் வேண்டாம் என்று மைதீன் சொல்லிவிட்டான். காலையில் ஜிம்மிலிருந்து ஐந்தருவி வரை ஓடுவது, அங்கே குளித்துவிட்டு வருவது, அவ்வளவுதான். இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம், அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஸ்பீக்கர் ரிப்பேரா என்று கேட்ட வங்கி அதிகாரி வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். ஆறுமுகம் அண்ணாச்சி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, நடக்க ஆரம்பித்தவர்களை ஹாரன் அடித்து ஓட வைத்தார்.

மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் போய் நின்றால் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டுகிறது. மலையில் நல்ல மழை, குளிக்கத் தடை. கயிறு கட்டி, ரெயின்கோட்டில் ஒரு போலீஸ்காரர் நின்றார். இளவயசு. மைதீன் போய் விஷயத்தைச் சொன்னான், ஒரே ஒரு நிமிஷம் ஓரமாக நனைந்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றான். அவர் இந்த ஓட்டத்துக்கென்று அடித்த எங்கள் டி-ஷர்ட்டில் இருந்த முத்துவின் படத்தைப் பார்த்தார், தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார், முடியாது என்று தலையாட்டினார். பிறகு, சுற்றுலாக்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பாறைப் பக்கம் போய் அவர்களை ஒதுங்கச் சொல்லி, எங்களுக்கு அந்த இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார். அறுபது பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றோம். அருவிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது, அதுவும் நல்லதாகத்தான் இருந்தது. நேரமாகிறதோ என்று நான் திரும்பிப் பார்த்தபோது அந்தப் போலீஸ்காரர் என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னார்: "குளிக்கத்தான் தடை அண்ணாச்சி. நிக்கதுக்குத் தடை இல்ல, நில்லுங்க."

உடம்பைத் தேற்றிவிடுகிறேன் என்று சொல்லித்தான் பதினெட்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன், ஆனால் இந்த ஒரு வருஷத்தில் நடந்ததையெல்லாம் பார்த்தால் கஸ்டமர்கள்தான் மாஸ்டரைத் தேற்றியிருக்கிறார்கள்.