கம்பைலரம்மாவும் கடல்மட்டக்காரரும்

பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கீழ்த்தளத்தில்தான் அவளுடைய அறை. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பும் ஷூவும் மட்டும் தெரியும், முகம் தெரியாது. மழை நாளில் குடைக்கம்பியிலிருந்து சொட்டும் தண்ணீர் தெரியும். அந்த அறையில் அவளுடைய ஆயுசில் பாதி ஓடிப் போயிற்று.

வாசல் காவலாளிக்கு அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. ஒருநாள் மாடிப்படியில் யாரோ, "கம்பைலர் மக்கர் பண்ணுதா? கீழ அந்த அம்மாவைக் கேளு" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்கு அவள் கம்பைலரம்மா. காவலாளி கூப்பிட்டதைக் கேட்டு ஓட்டுநர் கூப்பிட, ஓட்டுநரைக் கேட்டுப் பேராசிரியர்கள் கூப்பிட, அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் ஒண்டிக்கொண்டிருந்தது. வீட்டில் கணவர்கூடக் கோபம் வந்தால், "கம்பைலரம்மா என்ன சொல்றாங்க?" என்பார்.

வேலை இதுதான். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கோப்புகளை அனுப்பும் மென்பொருள் ஒன்றை அந்த மையம் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. இணையம் வீட்டுக்கு வீடு வந்திராத காலம். பெரிய கணினி வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இருந்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். ஆனால் ஒருவருடைய யூனிக்ஸ் இன்னொருவருடையதைப் போல இருக்காது. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய் ஆளுக்கொரு பழக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி, ஒவ்வொரு கம்பெனியின் யூனிக்ஸும் ஒரு விதம். மோடம் செருகும் இடத்துக்கு ஒன்றில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறு பெயர். ஒன்று நொடியைக்கூடத் துண்டு துண்டாக நறுக்கித் தரும், இன்னொன்றுக்கு நொடிக்குக் கீழே எதுவும் தெரியாது. அவள் அந்த மென்பொருளின் நிரலை ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றி கம்பைல் செய்வாள். அதாவது, மனிதர் எழுதியதை அந்த மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றச் சொல்வாள். அது எங்கே முரண்டு பிடிக்கிறதோ அங்கே, 'இந்த மெஷின் என்றால் இப்படி, அந்த மெஷின் என்றால் அப்படி' என்று வரி சேர்ப்பாள். இங்கே சேர்த்த வரி அங்கே உதைக்கும். மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று.

சுவரோரம் வரிசையாக நின்ற மெஷின்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். எதை எழுதினாலும் நொட்டை சொல்லும் ஒன்று மாமியார். அறை கொஞ்சம் சூடானாலும் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும் ஒன்று மாப்பிள்ளை. தப்பு என்னவென்றே சொல்லாமல் பேசாமல் உட்கார்ந்துவிடும் ஒன்று ஊமை. "மாமியார்கிட்ட பாஸ் ஆயிட்டா வேற எங்கயும் பயமில்லை" என்று அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்த தட்டச்சுக்காரி ஒருத்தி, இந்த அம்மாவுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று இரண்டு வாரம் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தாளாம்.

அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மதியம் தொலைபேசி அடித்தது.

"மேடம், துறைமுகத்துல கடல்மட்டம் அளக்கிற நிலையத்துலேருந்து பேசறேன். இங்க நான் ஒருத்தன்தான். எங்க மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுது."

"என்ன மாதிரி சத்தம் சார்?"

"தொண்டை கட்டின ஆள் பேசற மாதிரி."

தகவலைச் சேமிக்கும் வட்டு தேய்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் நிதானமாகக் கதையைச் சொன்னார். கடல் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு கருவி அளக்கும். மெஷின் அதை எழுதி வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கான அளவுகள் அதற்குள்தான் கிடந்தன. அந்த மெஷினைச் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டுவிட்டது. டேப் ஓட்டும் கருவி எப்போதோ செத்துப்போயிற்று. அதன் ஃபிளாப்பியை வேறு எந்தக் கணினியும் சீந்தாது. புது மெஷின் தருகிறோம் என்று தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பழைய அளவுகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, புதிதாக ஆரம்பியுங்கள் என்றார்களாம்.

"புதுசா ஆரம்பிக்கறதுக்கு, கடல் என்ன நேத்தா வந்துது?" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாடலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் அதுவும் ஒரு யூனிக்ஸ்தான், அதில் ஒரு கம்பைலரும் இருந்தது. ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணத்தில் கவிழ்த்து வைக்கும் பழைய மாதிரி மோடம் ஒன்று, பெட்டிகூடப் பிரிக்காமல், நிலையத்து அலமாரியில் இருப்பதாகவும் அவர் சொன்னார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மென்பொருளை அங்கே அனுப்ப வேண்டுமானால், வாங்கிக்கொள்ள அங்கே ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருக்க வேண்டும். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. வருவதைச் சரிபார்த்து வாங்கிக் கோப்பில் போடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு குட்டி நிரலை அவள் எழுதிச் சொல்ல வேண்டும், அவர் அங்கே கையால் அடிக்க வேண்டும்.

"உங்களுக்கு டைப்பிங் வருமா?"

"ரெண்டு விரல்ல வரும்."

"அது போதும் சார்."

மறுநாளே ஆரம்பித்தார்கள். எழுத்தைச் சொல்வது சுலபம், குறிகளைச் சொல்வதில்தான் தாவு தீர்ந்தது. நெளிநெளியாக இருக்கும் அடைப்புக்குறியை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் திணற, "மீசை மாதிரி இருக்கே, அதுவா?" என்று அவரே கேட்டார். அதற்குப் பிறகு அது மீசைதான். மீசை திற, மீசை மூடு. 'அண்ட்' குறிக்குப் பின்னல் என்று பெயர் வைத்தாள் அவள். நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருந்தது. இடப்பக்கம் சாய்ந்த கோட்டுக்கு மட்டும் அவர் 'குடிகாரன்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார். வழியில் போன பேராசிரியர் ஒருவர், "பின்னல், குடிகாரன், மீசை மூடு" என்று இவள் தொலைபேசியில் சத்தமாகச் சொல்வதைக் கேட்டுக் கதவருகே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

"ஒவ்வொரு வரி கடைசியிலயும் எதுக்கும்மா இந்த அரைப்புள்ளி?" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். மேடம், அம்மாவாக மாறியிருந்தது.

"அது இல்லேன்னா வரி முடிஞ்சுதுன்னு அதுக்குத் தெரியாது சார். பேசிக்கிட்டே போறோம்னு நினைச்சுக்கும்."

"நம்மளை மாதிரி."

கம்பைல் செய்தபோது தப்பு மேல் தப்பாக வந்தது. ஒன்று என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஆங்கில 'எல்' எழுத்தை அடித்திருந்தார். அவருடைய பழைய தட்டச்சுப் பொறியில் இரண்டுக்கும் ஒரே பொத்தானாம், கை அதற்கே போயிற்று. அதைக் கண்டுபிடிக்க இருவரும் முழு நிரலையும் எழுத்துக்கூட்டி மறுபடி படித்தார்கள். திருத்திய பிறகு குட்டி நிரலின் கம்பைல் ஒருவழியாக முடிந்தது.

இதற்கிடையில் மேலாளர் கீழே இறங்கி வந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் கணக்குக் கேட்பவர்.

"இந்த மாடல் இன்னும் எத்தனை ஓடுது?"

"தெரிஞ்சு ஒண்ணுதான் சார்."

"ஒரே ஒரு மெஷினுக்கா இவ்வளவு மெனக்கெடறீங்க?"

"அதுக்குள்ள இருக்கிறது வேற எங்கயும் இல்லையே சார்."

அவர் மாடியேறிப் போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து அவளுக்கு வர வேண்டிய அழைப்புகளை மாடிக்குத் திருப்பிவிட்டார்கள். யார் சொல்லி என்று அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

குட்டி நிரல் தயாராகிவிட்டதால், இனி முழு மென்பொருளின் நிரலையும் தொலைபேசி வழியே அனுப்பலாம். ஆனால் நிலையத்துக்கு ஒரே தொலைபேசி. அவர் ரிசீவரை மோடத்தில் கவிழ்த்துவிட்டால் பேச முடியாது. இந்தப் பக்கம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சரியாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு துண்டுக்கும் திரையில் ஒரு புள்ளி விழும். காதில் விழவில்லை, திரும்ப அனுப்பு என்று அந்தப் பக்கம் கேட்டால் ஒரு சதவீதக் குறி விழும். புள்ளி புள்ளியாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஏழெட்டுச் சதவீதக் குறிகள் சேர்ந்தாற்போல வரும், மறுபடி புள்ளிகள். காரணத்தைப் பிற்பாடு அவர்தான் சொன்னார். கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் அந்தச் சத்தமும் ரப்பர் கிண்ணத்துக்குள் புகுந்துவிடுமாம். அதைக் கேட்ட பிறகு, குறிகள் வரும்போதெல்லாம் அவள் மனதுக்குள், 'கப்பல் வருது' என்று சொல்லிக்கொள்வாள். கடலையே அவள் அதுவரை ஒரே ஒருமுறை, சின்ன வயதில் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள்.

நிரல் முழுதும் போய்ச் சேர்ந்தது. கம்பைல் செய்யச் சொன்னாள். பாதியில் நினைவகம் நிறைந்துவிட்டது என்று மெஷின் கைவிரித்தது. பெரிய கோப்பை இரண்டாகப் பிரித்து அனுப்பினாள். அடுத்து இன்னொரு புகார் வந்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறதாம். எந்தப் பெயர் என்று கேட்டால் அவர் ஏழு எழுத்தைப் படிப்பார். அப்படி ஒரு பெயரே நிரலில் கிடையாது. அதே ஏழு எழுத்தில் ஆரம்பிக்கும் நீளமான பெயர்கள் இரண்டு இருந்தன, ஆனால் அவை வெவ்வேறு. அவர் அவசரத்தில் மிச்ச எழுத்தை விழுங்குகிறார் என்று அவள் நினைத்தாள். "முழுசாப் படிங்க" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டாள்.

"அவ்வளவுதாம்மா இருக்கு. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். குரலில் வருத்தம் தெரிந்தது.

அந்தச் சங்கடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அவள் கணவரும் அவருடைய சித்தப்பா மகனும் சேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே பெயர். அவள் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது, மகள் எடுத்தாள். யாரோ வாடிக்கையாளர் போலிருக்கிறது, பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"பெரியவர் வேணுமா, சின்னவர் வேணுமா?" என்றாள் மகள்.

அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள். நிலையத்து மெஷின் பெயரில் முதல் ஏழு எழுத்துக்கு மேல் படிப்பதில்லை. மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதனால் அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கடல்மட்டக்காரர் எதையும் விழுங்கவில்லை.

மறுநாள் முதல் காரியமாக அவரைக் கூப்பிட்டாள். "தப்பு என் பேர்லதான் அண்ணா. நீங்க சரியாத்தான் படிச்சீங்க." அண்ணா என்று வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"விடு தங்கச்சி. மெஷின்தானே முழுங்குச்சு" என்றார்.

நீளமான அந்த இரண்டு பெயர்களின் தலையிலும் ஒன்றுக்குப் 'பெரிய', மற்றொன்றுக்குச் 'சின்ன' என்று குறிக்க ஆளுக்கோர் எழுத்து ஒட்டினாள். அந்த மெஷினுக்கு மட்டுமான வரிகள் என்று நிரலில் தனியாகக் குறித்தாள். கம்பைல் ஓடியது. அவர் படித்துச் சொல்ல எதுவுமே வரவில்லை. "ஒண்ணும் சொல்லாம சும்மா நிக்குதும்மா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். இல்லை, முடிந்துவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு கடல் வர ஆரம்பித்தது. வருஷம் வருஷமாக, எண்களாக, இடையிடையே கப்பல்களோடு. எல்லாம் வந்து சேர்ந்து சரிபார்த்த சில வாரங்களில் அந்த வட்டு அடியோடு நின்றுபோயிற்று என்று சொல்ல அவர் கூப்பிட்டார். இறந்துபோன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "ஒருதடவை இந்தப் பக்கம் வா, கடலைக் காட்டறேன்" என்றார். வருகிறேன் என்றாள். அப்புறம் எத்தனையோ முறை பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கூப்பிடுவார், அவளும் வருகிறேன் என்பாள். மகளின் படிப்பு, கணவரின் கடை, மென்பொருளின் அடுத்த பதிப்பு, அதற்கடுத்த பதிப்பு. நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் போய்ச் சேர்ந்த செய்தியை அவருடைய மகன்தான் தொலைபேசியில் சொன்னான். "உங்களை அத்தைன்னுதான் அப்பா எங்ககிட்ட சொல்லுவார்" என்றான்.

கீழ்த்தள அறையும் மெல்ல மெல்லக் காலியாயிற்று. கம்பெனிகள் ஒன்றை ஒன்று விழுங்கின. மாப்பிள்ளை போனது, ஊமை போனது, மாமியாரை லாரியில் ஏற்றும்போது அவள் வெளியே வந்து பார்க்கவில்லை. கடைசியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி மெஷின் வைத்துக்கொண்டார்கள். சண்டை குறைந்தது, வேலையும் குறைந்தது. அவள் ஓய்வு பெற்றாள்.

அதற்கு அடுத்த வருஷம், கணவரோடு அந்தத் துறைமுகத்துக்குப் போனாள். நிலையம் சின்னக் கட்டடம்தான், உப்புக்காற்றில் சுவரெல்லாம் பொரிந்திருந்தது. பொறுப்பில் இருந்தது ஓர் இளம் அதிகாரி, அன்பான பெண். உட்கார வைத்து, திரையில் கடல்மட்டக் கோட்டைக் காட்டினாள். அந்தப் பெண் பிறப்பதற்கு முந்தைய வருஷங்களிலிருந்து கோடு ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் மட்டும், பக்கத்தில் பக்கத்தில், கோடு சின்னச் சின்னதாக அறுந்திருந்தது.

"இங்க மட்டும் ஏன்னு தெரியலைம்மா. மதிய நேரமாப் பாத்து விட்டுப்போயிருக்கு. அப்ப கருவி ரிப்பேர் போல" என்றாள் அந்தப் பெண்.

கம்பைல் ஓடும்போது அந்த மெஷினால் வேறு எதையும் கவனிக்க முடியாது. அதனால் அளவை நிறுத்திவைத்திருக்கிறேன் என்று அண்ணா அப்போது தொலைபேசியில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

"ரிப்பேர் இல்லைம்மா," என்றாள். "நாங்க பேசிக்கிட்டிருந்தோம்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முதல்லேருந்து சொல்லு, நானே முழுசாக் கேட்டதில்லை" என்றார். அவள் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டை கட்டின மெஷினிலிருந்து ஆரம்பித்தாள்.