மீன் இல்லாத நீலக் குளம்

அகாஹோரி யசுஹெய் பிறந்தது ஜப்பானியக் கணக்கில் ஷோவா பதினோராம் ஆண்டு, அதாவது 1936, என்கிறது குடும்பப் பதிவு. அவரோ பன்னிரண்டு என்றே சாதித்துவந்தார். மனைவி ட்சுனெகோ பிறந்த ஆண்டு அது. தாங்கள் இருவரும் ஒரே வயது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அப்படியொரு ஆசை. மற்ற எதிலும் அவர் பொய் சொன்னதாகத் தெரியவில்லை.

ஷிசுவோகாவின் மேட்டுநிலத்தில் ஒன்றரை ஹெக்டேர் தேயிலை அவருடையது. வசந்தத்தில் நடக்கும் தேயிலைப் போட்டியில் இலைக்குத் தித்திப்பு வேண்டும். தித்திப்புக்கு உரம் வேண்டும் என்பது மேட்டுக்காரர்களின் நம்பிக்கை. தாம் எவ்வளவு உரம் போடுகிறோம் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்துத் தோட்டத்து வரப்பில் எத்தனை காலிப் பைகள் மடித்துக் கிடக்கின்றன என்று ஓரக்கண்ணால் எண்ணிவிட்டு, தம் தோட்டத்தில் இரண்டு பை கூடுதலாகப் போடுவார்கள். யசுஹெய் அந்த எண்ணிக்கையை மிதிவண்டியில் போகும்போதே முடித்துவிடுவார். போட்டியில் இரண்டு முறை வெள்ளிக் கிண்ணமும் பரிசாக வாங்கினார்.

மேட்டின் அடிவாரத்தில் ஒரு குளம். ட்சுனெகோவின் அண்ணன் மினெயோவின் நெல்வயல்களுக்கு அதிலிருந்துதான் பாய்ச்சல். அந்தக் குளம் ஆண்டுக்கு ஆண்டு தெளிந்து, கடைசியில் நீலமாகவே மின்னத் தொடங்கியது. யசுஹெய்க்குப் பெருமை தாங்கவில்லை. தேயிலை வாங்க வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

ஹெய்செய் ஆறாம் ஆண்டு, அதாவது 1994, இலையுதிர்காலத்தில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வதுபோல் மதகைத் திறந்து குளத்தை வடித்தார்கள். ஊரார் மீன் அள்ளக் கூடைகளோடு கரையில் காத்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தது, ஒரு மீன்கூடத் துள்ளவில்லை.

“மாப்ள, தண்ணி அழகப் பாருங்கன்னு ஊரையே கூட்டிட்டு வந்தியே. இப்ப மீனப் பாரு,” என்றார் மினெயோ.

“எங்க மச்சான்?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஒரு குவளை நீரில் தாளை நனைத்துப் பார்த்தார். செடி தின்றது போக மிஞ்சிய உரம் மழையோடு மண்ணுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊறிக் குளத்து நீரை அமிலமாக்கிப் புளிக்கவைத்துவிட்டது என்றார். புளித்த நீரில் கலங்கலெல்லாம் அடியில் படிந்துவிடும், அதனால்தான் இந்தத் தெளிவு. இதில் உயிர் தங்காது.

மினெயோ யசுஹெய் பக்கம் திரும்பிச் சொன்னார்: “உன் செடிக்கு நீ விருந்து வெக்கிற. எச்சில என் குளத்துல கொட்டுற. இதுல மீன் நீந்துற வரைக்கும் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்.”

ட்சுனெகோ வெறுங்கூடையோடு இருவருக்கும் நடுவில் நின்றிருந்தார்.

வீடு திரும்பியதும் யசுஹெய் பொருமினார். “நான் மட்டுமா? மேல ஒம்பது தோட்டம் இருக்கு!”

“இருக்கட்டுங்க. அந்த ஒம்பது பேர்ல எங்கண்ணனுக்கு மாப்பிள்ளை நீங்க ஒருத்தர்தான்,” என்றார் ட்சுனெகோ.

மறு வசந்தத்தில் யசுஹெய் உரத்தைப் பாதியாகக் குறைத்தார். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல், வேர் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறுகச் சிறுகத் தூவினார். அதைவிடக் கடினமான காரியம் ஒன்றையும் செய்தார். விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, இதுவரை தாம் போட்டது எத்தனை பை, இப்போது போடுவது எத்தனை என்று எல்லார் முன்னிலும் சொன்னார். மேட்டில் அதற்குமுன் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

“அகாஹோரி அண்ணே, கிண்ணம் அலுத்துப்போச்சா? மொட்டையடிச்சுக் கோயில்ல சாமியாராப் போயிருங்க!” என்று பின்வரிசையில் ஒரு குரல் எழ, சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஆயினும் அவ்வாண்டே மூவர் குறைத்தார்கள். பின்னர் மேலும் மூவர். இருவர் கடைசிவரை மசியவில்லை. போட்டியில் யசுஹெய்க்குப் பதினேழாம் இடம்.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஃபுனா எனும் சிறு கெண்டை மீன்கள் ஐந்தை மூங்கில் கூண்டில் அடைத்துக் குளத்தில் இறக்கிவைப்பார். முதலாண்டு அவை மறுநாளே செத்து மிதந்தன. அடுத்த ஆண்டு மூன்று நாள் இருந்தன. மண்ணில் பல காலம் தேங்கியது அவ்வளவு எளிதில் வடிந்துவிடுவதாக இல்லை.

“கொல்றதுக்குன்னே மீன் வாங்குறீங்களா?” என்று ட்சுனெகோ கடிந்துகொள்வார். ஆனால் கூண்டின் பிரிந்த கட்டுகளை முடிந்துதருபவரும் அவர்தான்.

ஐந்தாம் ஆண்டு, பத்து நாள் கழித்து யசுஹெய் கூண்டைத் தூக்கினார். ஐந்தும் வாலடித்தன. மூச்சிரைக்க மினெயோவின் வயலுக்கு ஓடினார். மினெயோ பின்னால் வந்து, கரையில் குந்தி வெகுநேரம் பார்த்தார். நீர் பாசி நிறத்தில் மங்கியிருந்தது.

“தண்ணி அசிங்கமாயிருச்சே, மாப்ள.”

“ஆமா மச்சான், பாக்கவே சகிக்கல!” யசுஹெய்யின் முகமெல்லாம் பல்.

மினெயோ சேற்றில் இறங்கிக் கூண்டைத் திறந்துவிட்டார். கடைசி மீன் மறையும்வரை நின்றார். பிறகு தம் வீட்டுப் பக்கம் திரும்பாமல், மேட்டுப் பாதையில் நடக்கத் தொடங்கினார். யசுஹெய் வெறுங்கூண்டைச் சுமந்துகொண்டு பின்னால் போனார்.

வாசலில் வந்து நின்ற அண்ணனை ட்சுனெகோ மேலும் கீழும் பார்த்தார்.

“சேத்துக் காலோட ஏறாதண்ணா. இரு, தண்ணி கொண்டு வர்றேன்.”