சக்கரம் வைத்த டிராயிங் வகுப்பு

ஆரம்பப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர் என்றால், கணக்கு டீச்சர் லீவு போடும் நாளில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். சக டிராயிங் மாஸ்டர்களே, உங்களுக்கா சொல்ல வேண்டும்! திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பிரிவு உள்ள ஒரு பள்ளியில் பதினோரு வருஷம் நாயாய் அலைந்து, ஒரு காலி அறையை வாங்கினேன். பெயிண்டைக் கொட்டினாலும் பிள்ளைகளை யாரும் திட்டாத ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இருபத்துநாலு சக்கரம்

சின்ன அறை. படம் வரைய மேசைகளைச் சேர்க்க வேண்டும், களிமண் வேலைக்குப் பிரிக்க வேண்டும், பெரிய தாள் விரிக்க ஓரம் தள்ள வேண்டும். ஆறு மேசைக்கும் சக்கரம் வைத்துவிடலாம் என்று நானே பிளான் போட்டேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் இருபத்துநாலு சக்கரம் கேட்டதும் இரும்புக் கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாத்தியாரே, வேலையை விட்டாச்சா? தள்ளுவண்டியில தட்டுக்கடை எங்க போடப் போறீங்க?”

ஒன்பது நாள்

ஒன்பது நாள் அந்த அறை சொர்க்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே மேசைகளைத் தள்ளிச் சேர்த்து, ஆள் நீளத் தாளில் கரமனை ஆற்றை வரைந்தார்கள். பத்தாம் நாள் வந்து பார்த்தால் ஒரு மேசைகூட இல்லை! இரண்டு மேசை பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தன, மிச்சம் நாலும் மதியச் சாப்பாடு பரிமாற. சண்டை போடவே போனேன். தலைமை ஆசிரியை சிரித்தார்.

“சார் கோபப்படாதீங்கோ. மத்த மேசையைத் தூக்க நாலு ஆள் வேணும். இது தள்ளினா போறுமல்லோ!”

இரண்டே நாள்

அப்புறம் மழை. ஸ்டோர் ரூம் ஒழுகியது. மேசை போய்க் காலியாக நின்ற என் அறைக்கு அரிசிச் சாக்குகள் வந்தன. இரண்டே நாள் என்றார்கள். இரண்டு மாதம் ஆயிற்று. நாங்கள் வராந்தாவில், மடியில் தாளை வைத்துக்கொண்டு. சாரல் அடித்து, வரைந்த வானமெல்லாம் வழிந்து சீருடையில் இறங்கியது.

கெஞ்சினேன், எழுதிக் கொடுத்தேன். வயிறு எரிகிறது ஐயா! ஆனால் பிள்ளைகள் சாப்பிடும் அரிசியோடு நான் எப்படிச் சண்டை போடுவது? சமையல் செய்கிற சேச்சிதான் என்மேல் இரக்கப்பட்டாள்.

“படம் வரையலேன்னா பிள்ளைகள் அழாது சாரே. சோறு இல்லேன்னா அழும்.”

புதிய பிள்ளை

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஸ்டோர் ரூம் ஒழுக்கை அடைத்தாயிற்று. சாக்குகள் மட்டும் நகரவில்லை. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி அந்த வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இது என்ன ரூம்னு தெரியுமா மக்களே?” என்று செல்லமாகக் கேட்டேன். சட்டென்று பின்வாங்கினாள்.

“அரிசி ரூம் சாரே. உள்ளே போனா அடி கிடைக்கும்.”

இனி உங்களில் யாருக்காவது ஓர் அறை கிடைத்தால், முதலில் மேசைகளைத் தரையோடு சேர்த்து ஆணியடித்துவிட்டு அப்புறம் பெயிண்ட் டப்பாவைத் திறங்கள்.